சாமி குடித்த சிகரெட்

இங்கே உட்காருங்க அக்கா. அந்த ஓரம் வேண்டாம், சன்னல் வழியாகச் சாரல் அடிக்கிறது. பிள்ளையை மல்லாக்கப் போடாதீங்க, தோளில் சாய்த்தாற்போல வைத்துக்கொள்ளுங்க. அப்போதுதான் இழுப்பு கொஞ்சம் அடங்கும். முதல் தடவையா? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பயப்படாதீங்க. மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்து ஒரு மூடி வைப்பாங்க, மருந்து ஆவியாக வரும், பிள்ளை ஊரைக் கூட்டும். கூட்டட்டும். அழுதாலும் கையைப் பிடித்துக்கொண்டு மூடியை விலக்காமல் இருந்தால் போதும். எனக்கு எல்லாம் அத்துப்படி. ஐப்பசி தொடக்கத்தில் ஒரு தடவை, ஐப்பசி கடைசியில் ஒரு தடவை, இப்போது மார்கழியில் ஒரு தடவை. விருந்துக்கு வருகிற மாதிரி வந்து போகிறோம். வாசல் காவலாளிக்கே எங்களைத் தெரியும், "என்ன பாப்பா, திரும்ப வந்துட்டியா" என்று கேட்கிறார்.

எங்களுக்கு இன்றைக்கு முடிந்துவிட்டது. சீட்டு எழுதிக் கொடுத்தால் கிளம்ப வேண்டியதுதான். எங்க அம்மா வருகிறாங்க கூட்டிப்போக.

நான் இப்படி யாரிடமும் வாயாடுகிறவள் இல்லை அக்கா. பெயர்தான் பேச்சியம்மாள். எங்க தெருவில் போய்க் கேளுங்க, பேச்சிக்கு வாய் இருக்கிறதா என்று. "சோறு திங்கையில பாத்திருக்கோம்" என்பாங்க. தெரிந்தவங்க முன்னால்தான் எனக்குப் பேச்சு வராது. நீங்க யாரோ, எந்த ஊரோ, நாளைக்கு உங்க வழியில் போய்விடுவீங்க. அதனால் வருகிறது.

இவள் என் மகள். முப்பிடாதி. எட்டு மாதம். சிரிக்கிறாள் பாருங்க, மூன்று நாளைக்கு முன்னால் உதடு நாவல்பழமாகக் கறுத்துக் கிடந்தவள் என்று யாராவது நம்புவாங்களா?

எல்லாம் எங்க வீட்டுக்காரர் புண்ணியம்.

தங்கமான மனுஷர் அக்கா, குறை சொல்லக் கூடாது. லோடு ஆட்டோ ஓட்டுகிறார். என்னை ஒரு அடி அடித்ததில்லை. சாராயம் தொட்டதில்லை. சிகரெட் ஒன்றுதான். அதிலும் பாருங்க, பஞ்சு வைத்த சிகரெட். பீடி தொட மாட்டார். அவங்க அம்மா பீடி சுற்றித்தான் அவரை வளர்த்தாங்க, கட்டியவள் பீடி சுற்றுகிறவள், எங்க ஊரில் எந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் பொம்பளைகள் மடியில் சுளகும் சுளகில் பீடியும்தான். ஆனால் பீடி குடித்தால் அவருக்குக் கௌரவக் குறைச்சல். நான் நாள் முழுக்கச் சுற்றுகிறது யாரோ ஊர் பேர் தெரியாதவன் குடிக்க. எங்க வீட்டுத் துரை மட்டும் கடையில் வாங்கித்தான் குடிப்பார்.

பிள்ளை பக்கத்தில் வைத்துக் குடிக்கவே மாட்டார், பொய் சொல்ல மாட்டேன். தள்ளிப் போய்த்தான் குடிப்பார். எங்க வீடு ஒரு அறை, பின்னால் ஒரு அடுப்படி. தள்ளி என்றால் வாசற்படி. தொட்டிலில் இருந்து நாலு எட்டு. வாசற்படியில் நின்று முகத்தை மட்டும் தெருவுக்கு நீட்டிக்கொண்டு குடிப்பார். மழைக்காலத்தில் காற்று தெருவில் இருந்து உள்ளேதான் அடிக்கும். ஆனால் அந்தப் புகைக்கு அவர்மேல் ரொம்ப மரியாதை என்று அவருக்கு நினைப்பு. "பச்சப்பிள்ள இருக்க வீடுப்பா, நாம உள்ள போகப்படாது" என்று வாசலோடு நின்றுவிடுமாம்.

நான் ஒரு நாளும் வாய் திறந்து சொல்லவில்லை. இருமிக் காட்டுவேன். அவர் "தண்ணி குடிளா" என்பார்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலையில் பிள்ளை நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவில் குழி விழுகிறது. எங்க அத்தை, அவரைப் பெற்ற மகராசி, எட்டிப் பார்த்துவிட்டு, "மாந்தம்ளா இது. வேப்பங்கொழுந்த அரைச்சு நாக்குல தடவு" என்றாங்க. தடவினேன். பூனைக்குட்டி இரண்டு குட்டியானது. கோயில் கொடைத் திருவிழாவில் சாமியாடுகிறவர் வந்து திருநீறு போட்டு ஊதினார். அவர் வாயிலேயே பீடி நாற்றம். ஊதியது திருநீறா புகையா என்று எனக்கே சந்தேகம். மத்தியானத்துக்கு மேல் பிள்ளை பால் குடிப்பதை நிறுத்திய பிறகுதான் இவர் ஆட்டோவை எடுத்தார்.

இங்கே சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தர் இருக்காங்க, பார்ப்பீங்க, கண்ணாடி போட்டிருப்பாங்க. பிள்ளை நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முதல் கேள்வி என்ன கேட்டாங்க தெரியுமா?

"வீட்ல யாரும் சிகரெட், பீடி குடிப்பாங்களா?"

எங்க வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "சேச்சே! பச்சப்பிள்ள இருக்க வீட்ல யாராவது குடிப்பாங்களா மேடம்?"

வெள்ளைச் சட்டை. மழையில் நனைந்திருக்கிறது. பையில் சிகரெட் பெட்டி, பெயரோடு தெரிகிறது. சாட்சி சொல்ல வந்தவன் கூண்டில் நிற்கிற மாதிரி நிற்கிறது. டாக்டரம்மா எழுதிக்கொண்டே இருந்ததால் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை அக்கா. பிள்ளைக்காகக்கூட எனக்கு வாய் வரவில்லை.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாங்க. "நீ என்னம்மா பண்ற? வேலைக்குப் போறியா?"

"இல்ல மேடம், வீட்ல சும்மாதான் இருக்கேன்."

"நல்லதாப் போச்சு. அப்ப பிள்ளையக் கூடவே இருந்து பாத்துக்கலாம்."

அதில் மட்டும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. இலை வாங்க, தூள் வாங்க பீடிக்கடைக்குப் போகிற நேரம் தவிர பிள்ளையை விட்டு நகர்ந்ததே இல்லை. சிலபேர் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டுச் சுற்றப் போவாங்க. நான் அப்படி இல்லை. காலையில் சுளகை மடியில் வைத்தால் பிள்ளை என் தொடையோரம் கிடக்கும். தொட்டிலில் போட்டால் தொட்டில் கயிறு என் கால் பெருவிரலில். கால் ஆட்டும், கை இலையைச் சுருட்டும், தூளைப் போடும், நூலைச் சுற்றும். பிள்ளை ஒரு தும்மல் போட்டால்கூட எனக்குத் தெரியாமல் போகாது. நிறையத் தும்முவாள். ஒவ்வொரு தடவையும் "நூறாயுசு" என்று சொல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துவிடுவேன்.

எங்க அம்மாவும் என்னை அப்படித்தான் வளர்த்தாங்க. அஞ்சாவது முடித்ததும் என் மடியிலும் ஒரு சுளகு வந்து உட்கார்ந்தது. பெண் பார்க்க வந்தபோது எங்க அத்தை என் முகத்தை அப்புறம்தான் பார்த்தாங்க, முதலில் விரலைப் பார்த்தாங்க. நுனி மஞ்சளாக இருக்கிறதா என்று. மஞ்சள் பூசினது இல்லை அக்கா, தூள் கறை. எவ்வளவு கறையோ அவ்வளவு கைவேகம். பார்த்த உடனே, "புள்ள லச்சணமா இருக்கா" என்றாங்க.

சரி, அதை விடுங்க. இரண்டாவது தடவை கதையைச் சொல்கிறேன்.

பதினைந்து நாள்கூட ஆகவில்லை. அதே பூனைக்குட்டி. இந்தத் தடவை நான் வேப்பங்கொழுந்துக்கெல்லாம் நிற்கவில்லை. இங்கே வந்துவிட்டோம். அவர் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போன நேரம், டாக்டரம்மா திரும்பவும் அதே கேள்வி. தரையைப் பார்த்துக்கொண்டு, "அவுக குடிப்பாக" என்றேன். இரண்டே வார்த்தை. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவரைப் பற்றி வெளியாளிடம் நான் சொன்ன முதல் இரண்டு வார்த்தை.

அவர் படி ஏறி வந்தார். டாக்டரம்மா பிடித்தாங்க பாருங்க ஒரு பிடி. இத்தனை பேர் முன்னால். "படிச்சவர்தான நீங்க? வாசல்ல நின்னு குடிச்சா சரியாப் போச்சா? புகை போனாலும் அதுல உள்ளது உங்க சட்டையில ஒட்டியிருக்கும், முடியில இருக்கும், கையில இருக்கும். அதோட பிள்ளையத் தூக்குனா அதுதான் பிள்ள மூச்சுக்குள்ள போகும். இது பூ மாதிரி நெஞ்சுங்க. உங்க நெஞ்சு இல்ல."

அவர் பத்தாவது பெயில். "படிச்சவர்" என்றதற்கு மட்டும் கொஞ்சம் நிமிர்ந்தார். மற்றதற்கெல்லாம் குனிந்தார்.

வீட்டுக்குப் போனதும் அத்தை பேசினாங்க. அவங்களுக்கும் சேர்த்து, அவருக்கும் சேர்த்து. "கட்டுனவன ஆஸ்பத்திரியில காட்டிக் குடுத்துட்டு வந்திருக்கா! ஏளா, அவன் அப்பன் குடிக்காத பீடியா? அந்தப் பொகைக்குள்ளதான் நாலு பிள்ள பெத்து வளத்தேன்."

நாலு பெற்றது நிஜம். வளர்ந்தது மூன்று. ஒன்று மூன்றாம் மாதமே போய்விட்டது. அதைச் சொன்னால், அது மாந்தம் என்பாங்க. அத்தைக்கும் இருபது வருஷமாக இருமல், படுத்தால் இரண்டு தலையணை வேண்டும். ஒரு பீடி வாயில் வைத்ததில்லை பாவம். எங்க தெருவில் பொம்பளைகள் எல்லோருக்கும் அந்த இருமல் உண்டு. தண்ணீர் அப்படி.

அவர் சிகரெட்டை விட்டாரா? விட்டார். திங்கள்கிழமை விட்டார். செவ்வாய்க்கிழமை பிடித்தார். புதன்கிழமை தெருமுனைக்குப் போய்ப் பிடித்தார். வியாழக்கிழமை மழை பெய்ததால் வாசற்படிக்கே வந்துவிட்டார். "நாளையில இருந்து பாருளா" என்றார். நாளை என்கிற அந்த நாளை நான் இன்னும் பார்க்கவில்லை.

அப்போதுதான் நான் ஒரு காரியம் செய்தேன் அக்கா. என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே பெரிய பொய். அத்தை முன்னால் போய் நின்று, "அத்தை, பிள்ளைக்கு மூச்சு திரும்புனா அவுக மாலை போட்டு மலைக்கு வருவாகன்னு நேந்திருக்கேன்" என்றேன். நான் எந்தச் சாமியிடமும் நேரவில்லை. ஆனால் மாலை போட்டால் சிகரெட் தொடக் கூடாது இல்லையா? டாக்டர் சொல்லை மீறலாம், பெண்டாட்டி சொல்லை மிதிக்கலாம், நேர்ச்சையை மீற எங்க அத்தைக்குத் தைரியம் கிடையாது. "ஏல வைகுண்டம், இங்க வா" என்று மகனைக் கூப்பிட்டாங்க. கார்த்திகை ஒன்றாம் தேதி துளசி மாலை கழுத்தில் ஏறிவிட்டது. கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, காலில் செருப்பு இல்லை.

சிகரெட் நின்றது அக்கா! அந்த நிமிஷமே நின்றது!

பெற்ற பிள்ளை விலா குழிந்து இழுத்தபோது விட முடியாத சாமான். டாக்டரம்மா நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கியும் விட முடியாத சாமான். மலைக்கு மேலே எங்கேயோ இருக்கிற சாமிக்கு வாடை அடித்துவிடும் என்றதும் நின்றுவிட்டது. நாலு எட்டில் தொட்டிலில் கிடந்தவளுக்கு மூக்கே இல்லை போல.

மாலை போட்டவரை சாமி என்றுதான் கூப்பிடணும், தெரியும் இல்லையா? "சாமி, சோறு போடவா?" "சாமி, ஆட்டோவுக்கு நேரமாச்சு." ஏச வேண்டும் என்றாலும் சாமி என்று கூப்பிட்டுத்தான் ஏச வேண்டும். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. புருஷனிடம் வராத பேச்சு சாமியிடம் வந்தது. டாக்டரம்மா சொன்னதை எல்லாம் சட்டமாகப் போட்டேன். "சாமி, கையைக் கழுவாம பிள்ளையத் தொடப்படாது." "சாமி, வெளிய போட்ட சட்டையோட தூக்கப்படாது." அவருடைய பழைய சட்டை எல்லாவற்றையும் சோடாவில் போட்டு அவித்தேன். தலையணையை மாற்றினேன். கொசுவர்த்தியை நிறுத்தினேன், வலை வாங்கிக் கட்டினேன். சாம்பிராணி கிடையாது. பூசைக்குச் சூடம்கூட வாசலுக்கு வெளியே வைத்துத்தான் காட்டணும் என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும், "சரிம்மா" என்றார். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு வேளைக் குளியல். ராத்திரி சிகரெட் நினைப்பில் கை நடுங்கும், அப்போதும் எழுந்து கையைக் கழுவிவிட்டுத்தான் தொட்டிலை ஆட்டினார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல நடிப்பு.

நான்கூட நம்பினேன் அக்கா. ஒரு மாதம் வீட்டில் ஒரு பொட்டுப் புகை கிடையாது. ஈரக்காற்று வராமல் கதவு, சன்னல் எல்லாம் சாத்தி, துணியைச் செருகி வைத்தேன். கார்த்திகையில் பீடிக்கடையில் தூளும் இலையும் கூடுதலாகக் கொடுத்தாங்க, வெளியே போகிற வேலையும் இல்லை, நானும் அத்தையும் எதிரெதிரே உட்கார்ந்து சுற்றுவோம், பிள்ளை நடுவில். மழை நாளில் பீடி பதத்துப் போனால் கடையில் கழித்துவிடுவாங்க. அதனால் இரும்புச் சட்டியில் தணல் அள்ளி வைத்து, மேலே தட்டில் பீடியைப் பரப்பி வாட்டுவோம். புகையே வராது, வெறும் தணல். வீடு கதகதவென்று இருக்கும். பிள்ளைக்கும் குளிர் தெரியாது. இவ்வளவு பார்த்துப் பார்த்து எந்தத் தாய் செய்வாள், சொல்லுங்க?

அப்படி இருந்தும் மூன்று நாளைக்கு முன்னால் இழுத்தது.

இந்தத் தடவை பூனைக்குட்டிச் சத்தம்கூட வரவில்லை. சத்தமே இல்லாமல் வாயை வாயைத் திறந்தாள், கரையில் போட்ட மீன் மாதிரி. உதடு கறுத்துவிட்டது. மழை கொட்டுகிறது. அவர் வெறுங்காலோடு ஆட்டோவை ஓட்டினார். "சாமியே... சாமியே..." என்று ஒரே அழுகை. நான் அழவில்லை. பிள்ளை மூக்கில் கன்னத்தை வைத்துக்கொண்டு மூச்சு வருகிறதா, வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ரயில்வே கேட்டில் நின்றபோது ஒரு மூச்சு வரவில்லை அக்கா. ஒன்று. எண்ணினேன். நாலு எண்ணும்வரை வரவில்லை. பிறகு வந்தது.

அந்த நாலு எண்ணிக்கையில் நான் முடிவு பண்ணிவிட்டேன். இந்த ஆள் குடிக்கிறார் என்று.

பின்னே? வேறு எப்படி வரும்? எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. எல்லாம் கழுவியாகிவிட்டது. மிச்சம் இருக்கிறது இவர் ஒருத்தர்தானே?

நான் நினைத்தது சரி என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டாங்க. பிள்ளைக்கு மூச்சு கொஞ்சம் திரும்பின பிறகு, சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாங்க. என் பழைய சேலையில் கிழித்த துணி. அவிழ்த்ததும் மூக்கைச் சுளித்தாங்க. திரும்பவும் முகர்ந்தாங்க. பிள்ளை தலையை முகர்ந்தாங்க.

"பிள்ளை மேல புகையிலை வாடை இப்படி அடிக்குது!"

எங்களுக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. ஆனால் படித்தவங்க மூக்கு அல்லவா. நேரே அவரைப் பார்த்தாங்க.

"மேடம், நான் மாலை போட்டிருக்கேன். முப்பத்தஞ்சு நாளா தொடல."

"மாலையோட குடிக்கிறவங்கள இந்த ஆஸ்பத்திரி வாசல்லயே தெனம் பாக்கேன். சாமிகிட்ட பொய் சொல்லுங்க, எங்கிட்ட சொல்லாதீங்க. பிள்ள உடம்பு பொய் சொல்லாது."

அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் சட்டைக் கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். பிறகு அந்தக் கையை முகர்ந்தார். இந்தக் கையை முகர்ந்தார். ஒன்றும் புரியாதவர் மாதிரி என்னைப் பார்த்தார். நீயாவது சொல்லேன் என்கிற மாதிரி. நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பார்வை நேரத்தில் ஐந்து நிமிஷம் உள்ளே விட்டாங்க. வந்தார். கண் எல்லாம் சிவந்து கிடக்கிறது. "ஏளா பேச்சி, பிள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுதேன்" என்று கையை நீட்டிக்கொண்டு கட்டில் பக்கம் வந்தார்.

"கையக் கழுவிட்டியளா சாமி?" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நீட்டின கை அப்படியே நின்றது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அவர் கையை மடக்கிக்கொண்டு வெளியே போனார். போனவர் மூன்று நாளாக வாசலில் வேப்பமரத்தடியில்தான் இருக்கிறார். ஆட்டோவுக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை என்று அத்தை வந்து ஒப்பாரி வைத்தாங்க. "மாலையக் கழட்டப் போறானாம்ளா. பழி விழுந்த பொறவு மாலை எதுக்குங்கான்."

"கழட்டச் சொல்லுங்க அத்தை. இனி ஒளிஞ்சு குடிக்க வேண்டாம்லா" என்றேன். நான்தான் சொன்னேன். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. அத்தை அப்படியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாங்க.

பாருங்க அக்கா, இதையும் கவனியுங்க. இங்கே வந்த மூன்று நாளில் பிள்ளைக்கு என்ன தெளிவு! தும்மல் இல்லை, இருமல் இல்லை, பால் இழுத்துக் குடிக்கிறாள். மருந்து பாதி என்றால் இந்த வார்டு பாதி. ஆம்பிளைகளை உள்ளே விடாத வார்டு. ஆம்பிளை இல்லாத இடத்தில் பிள்ளைக்கு மூச்சு தானாக வருகிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஒவ்வொரு தடவையும் இப்படித்தான், இங்கே தெளிவாள், வீட்டுக்குப் போய்ப் பத்து நாளில் ஆரம்பிப்பாள். எனக்கும் ஓய்வுதான். மூன்று நாளாகக் கையைச் சும்மா வைத்துக்கொண்டிருந்து விரல்கூட வெளுத்துவிட்டது. பார்த்தால் படித்த பெண் விரல் மாதிரி இருக்கிறது.

காலையில் டாக்டரம்மா என் தோளில் கை வைத்துச் சொன்னாங்க. "இந்தப் பிள்ளைய இனி புகையிலை இருக்க வீட்டுக்குக் கொண்டு போகாதம்மா. இன்னொரு தடவை இப்படி வந்தா எங்களால இழுத்துப் பிடிக்க முடியுமான்னு தெரியல."

போகவில்லை. நான் ஏன் போகிறேன்? எல்லாம் முடிவு பண்ணிவிட்டேன். நேற்றே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். இனி அந்த வீடு வேண்டாம், அந்தச் சாமியும் வேண்டாம். பிள்ளைக்கு மூச்சு இருந்தால் எனக்குப் போதும்.

எங்க அம்மா வீட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. ஆம்பிளை வாடையே கிடையாது. அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தவறிவிட்டாங்க. கூடப் பிறந்ததும் பொண்ணு, அதற்கு அடுத்ததும் பொண்ணு. அந்த வீட்டில் சிகரெட் நுழைந்து பதினைந்து வருஷம் ஆகிறது. அம்மாவும் தங்கச்சிகள் இரண்டு பேரும் விடிந்ததில் இருந்து வீட்டோடுதான், எங்கேயும் போக மாட்டாங்க. மூன்று சுளகு. நான் போனால் நாலு. தங்கச்சிகளில் மூத்தவள் கைவேகத்தைப் பார்க்கணுமே, என்னை எல்லாம் மிஞ்சிவிட்டாள். வீடு சின்னதுதான், ஆனால் அடக்கம். சன்னலே இல்லை, அதனால் ஈரக்காற்றுக்கும் பயமில்லை. நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்துகொள்வோம். பிள்ளையை நடுவில் போட்டுக்கொள்வோம். அவளுக்கு மூச்சு ஒரு இழை மாறினாலும் எட்டுக் கண்ணில் ஒரு கண்ணாவது பார்த்துவிடாதா?

தை பிறக்கிறதற்குள் பாருங்க, உருண்டையாக ஆக்கிவிடுவேன் இவளை.

என்ன அக்கா அப்படிப் பார்க்கிறீங்க? புருஷனை விட்டுப் போகிறாளே என்றா? உங்களுக்குச் சொன்னால் புரியாது, உங்க வீட்டுக்காரர் குடிக்காதவராக இருப்பார். இல்லை, அது இல்லையா? பின்னே என்ன, சொல்லுங்க. சொல்ல வந்துவிட்டு ஏன் என் மடியைப் பார்க்கிறீங்க?

இருங்க, நர்சம்மா கூப்பிடுகிறாங்க. உங்களைத்தான். எழுந்திருங்க, எழுந்திருங்க, இப்போது விட்டால் அடுத்த பிள்ளைக்குப் போட்டுவிடுவாங்க. பேச்சை எப்போது வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம், பிள்ளைக்கு மூச்சு காத்திருக்குமா? நீங்க வெளியே வரும்போது நாங்க இருக்க மாட்டோம். அம்மா வந்துவிட்டாங்க, அதோ, படி ஏறுகிறது அவங்கதான். இருமிக்கொண்டே ஏறுகிறாங்க பாருங்க.